பிரித்துவிடாத தையல்

மாத்திரை போட்டுத்தான் என் மருமகள் இளைத்தாள் என்று கீழ்வீட்டு இஸ்திரிக்காரி சொல்லிக்கொண்டு திரிகிறாள். பார்த்தாளாமா? பதினைந்து வருஷமாக ஒரே சமையலறையில் அவளோடு இடித்துக்கொண்டு நிற்கிறவள் நான். எனக்குத் தெரியாத மாத்திரை இவளுக்குத் தெரிந்துவிட்டதாக்கும். எதிர்வீட்டுக்காரி சீக்கு என்கிறாள். சீக்குக்காரி மூன்று மாடியை மூச்சு வாங்காமல் ஏறுவாளா? நடந்ததைச் சொல்கிறேன்.

என் மருமகள் தையல் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். மேஜைமேல் துணியை அடுக்காக விரித்து, நாள் முழுக்க நின்றபடி வெட்டுகிற வேலை. அவள் கத்தரி போட்டால் அரை விரல் துணி வீணாகாது. அப்படிப்பட்டவளுக்குத் தன் உடம்பு பெருத்தது மட்டும் தெரியாமல் போயிற்று. நமக்குச் சட்டை இறுக்கினால் உறைக்கும். அவளோ உள்ளே மடித்து வைத்த துணியில் ஒரு தையலைப் பிரித்து விட்டுக்கொள்வாள். கால்மணி நேர வேலை. இப்படிப் பிரித்துப் பிரித்தே ஐந்து வருஷத்தில் பதினெட்டு கிலோ ஏறிவிட்டது. சட்டை ஒரு நாளும் இறுக்கவில்லை.

முழங்கால்தான் காட்டிக்கொடுத்தது. எடை குறைந்து, அது ஆறு மாதம் ஏறாமலும் இருந்தால்தான் மறுபடி மேஜையடியில் நிற்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலாளி இரண்டு வருஷம் பொறுப்பதாகச் சொல்லி, வீட்டிலேயே பொத்தான் தைக்க மூட்டை கொடுத்தனுப்பினார். அன்று தன் பெரிய கத்தரியைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாளே, அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

பட்டினி கிடந்தாளா? இல்லவே இல்லை. மூன்று வேளையும் உட்கார்ந்து சாப்பிட்டாள். பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைப்பதை வழித்து வாயில் போடுகிற வழக்கம் இருந்தது, அதை நிறுத்தினாள். பழக்கிவிட்டவளே நான்தான், அதனால் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அவள் அசையவில்லை. பிள்ளைகளுக்கு முதலில் கொஞ்சமாக வைத்து, கேட்டால் மறுபடி வைத்தாள். தட்டில் மிச்சமே விழவில்லை. மூன்றாம் நாள் நானாகப் போய்ப் பேசினேன். பொத்தான் தைக்கும்போது மடியில் இருந்த பிஸ்கட் டப்பா அலமாரி உச்சிக்குப் போயிற்று. காய்கறி வண்டி வந்தால் மாடியிலிருந்து கயிற்றில் கூடை இறக்குவோம். அந்தக் கயிற்றையும் அவிழ்த்துவிட்டாள். ஒரு வெங்காயத்துக்குக்கூட ஐம்பத்திரண்டு படி. முதலில் கைப்பிடியைப் பிடித்து, நின்று நின்றுதான் ஏறினாள். கிலோ கிலோவாக இறங்க, சட்டையைப் பிடித்துப் பிடித்துத் தைத்துக்கொண்டாள். பதினான்கு மாதத்தில் பதினைந்து கிலோ குறைந்தது.

அப்புறம் வந்தது மழைக்காலம். பிள்ளைகளுக்கு மாறி மாறி இருமல். அவளும் வீட்டோடு அடைந்து கிடந்தாள், டப்பா அலமாரியிலிருந்து இறங்கியது. ஒரு நாள் நீலச் சட்டைக்குள் கையை நுழைக்கத் திணறினாள். எனக்குப் பாவமாக இருந்தது.

"கொஞ்சம் பிரிச்சு விட்டுக்கோடி. யாரு பார்க்கப் போறா?" என்றேன்.

அவள் பெட்டியைத் திறந்து, ஒரு வருஷத்துக்கு மேல் தொடாத கத்தரியை எடுத்தாள். பிரிக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். சட்டையை உள்புறமாகத் திருப்பி, மடித்து விட்டிருந்த துணியைத் தையல் ஓரமாக நறுக்கென்று வெட்டி எறிந்தாள். மற்ற மூன்று சட்டையும் அதே கதிதான்.

"இனிமே பிரிக்கத் துணியே இல்ல அத்தை. இறுக்குச்சுன்னா நான்தான் இறங்கணும்."

நல்ல துணியை வீணாக்கினாளே என்று திட்டினேன். ஆனால் டப்பாவை மறுபடி உச்சியில் ஏற்றி வைத்தவள் நான்தான். ஏறிய மூன்று கிலோ இறங்கியது. அதற்கப்புறம் ஆறு மாதம், எடை மிஷின் முள் அங்கேயே நின்றது. டாக்டர் தலையாட்டினார். நாளையிலிருந்து வரச் சொல்லி முதலாளி ஆள் அனுப்பினார்.

மறுநாள் காலையில் நீலச் சட்டை போட்டுக்கொண்டாள். கையைத் தூக்கிப் பார்த்தாள், எங்கும் இழுக்கவில்லை. பழைய ஞாபகத்தில் நான் இரண்டு டப்பா சாப்பாடு கட்டியிருந்தேன். ஒன்றை எடுத்துப் பையில் கத்தரிக்குப் பக்கத்தில் வைத்தாள், மற்றதை என் கையிலேயே திருப்பித் தந்தாள்.

"இதை நீங்க மத்தியானம் சாப்பிடுங்க அத்தை. மிச்சம் வெச்சா நான் தின்னமாட்டேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போனாள். கைப்பிடியைத் தொடாமல் படி இறங்கினாள்.