அடைத்த கதவுக்கு அந்தப் பக்கம்

வினிபெக்கில் பக்கத்து வீட்டுக்காரர் என் பெயரைக் கேட்கவே ஒரு பனிக்காலம் முழுதும் ஆயிற்று. ஆனால் சனிக்கிழமை மத்தியானம் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் விளையாட்டுக் கடைக்குப் போனால், முன்பின் தெரியாதவர்கள் நாற்காலியை நகர்த்திப் போட்டு, "நீ யார்?" என்கிறார்கள். "வில்லாளி, மலைக்காரி, பெயர் காத்தாயி" என்பேன். சரி, உட்கார் என்பார்கள். அவ்வளவுதான், சோலி முடிந்தது.

பகடை உருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டு அது. ஆளுக்கொரு பாத்திரம்; என்னுடையது காத்தாயி. கதையை நடத்துகிறவர் கேம் மாஸ்டர். எங்கள் மேசைக்கு பிராட் என்ற ஒல்லி மனிதன். ஒரே கதையைப் பல நாடுகளில் விளையாடுகிறார்கள். முக்கியமான கட்டத்தில் ஒவ்வொரு மேசையும் தன் முடிவை அமைப்பாளர்களுக்கு எழுதி அனுப்ப வேண்டும். அதிக மேசைகள் எதைச் சொல்கின்றனவோ, அதுதான் எல்லாருக்கும் அடுத்த கதை. என் தம்பி கதிர் போடியில் ஓர் ஏலக்காய்க் கடை மாடியில் கூட்டாளிகளைச் சேர்த்து இதே கதையை நடத்துகிறான். நாங்கள் போனில் பேசுவதெல்லாம் பெரும்பாலும் இதுதான். "புள்ளைக ரெண்டும் வெளங்குனாப்லதான்" என்று அம்மா பின்னால் முனகுவது கேட்கும்.

போன மாதம் ஒரு கட்டம் வந்தது. மலைமேல் கொள்ளைநோய். கணவாயில் பெரிய கதவு, கீழே ஊர். வேலைக்கு மேலே போன சனம் இறங்கி வந்துகொண்டிருக்கிறது. கதவை உடனே அடைப்பதா, கடைசி ஆள் வரும்வரை திறந்து வைப்பதா? எங்கள் மேசையில் எல்லாரும் அடைக்கச் சொன்னார்கள். நான் மட்டும் முடியவே முடியாது என்றேன். பிராட் மெல்ல, "இப்படி யாரையாவது இழந்திருக்கிறாயா?" என்று கேட்டான். "இல்லையே, அம்மா நன்றாகத்தான் இருக்கிறாள்" என்றேன். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கொரோனாக் காலத்தில் மலைமேல் மாநில எல்லையில் இருக்கும் போடிமெட்டு செக்போஸ்டை அடைத்தபோது, ஏலக்காய் எடுக்கப் போன அம்மா அந்தப் பக்கம் தோட்டத்து லயத்திலேயே, கூலியாட்கள் தங்கும் வரிசை வீட்டில், மாட்டிக்கொண்டாள். நானும் கதிரும் மலைக்குக் கீழே, எங்கள் ஊர் சிலமலையில். டவர் கிடைக்கும்போது பேசுவாள். "நான் சாப்டேன், நீங்க சாப்டீகளா?" என்று அதையே சொல்வாள். சாப்பிட்டிருக்க மாட்டாள் என்று எங்களுக்குத் தெரியும். தோட்டத்து ஆட்களை ஏற்றி வரும் ஜீப்பின் சத்தம் கேட்டால் கதிர் தெருவுக்கு ஓடுவான். வண்டியே ஓடாத நாளிலும் அவனுக்குச் சத்தம் கேட்டது. பின்னால் அம்மா திரும்பி வந்துவிட்டாள்தான். ஆனால் அந்த ஓட்டம் அவனை விட்டு இன்னும் போகவில்லை, என்னையும் விடவில்லை.

எல்லா மேசைகளையும் கூட்டி முடிவு வந்த அன்று கதிரே கூப்பிட்டான்.

"அக்கா, இங்க எங்க டேபிள்ல ஒருத்தன்கூட சாத்தச் சொல்லலக்கா. ஆனா கதவ அடைச்சிட்டாங்களாம்."

"தெரியும்டா."

"இனிமே நானும் அடைச்சதாத்தான் கதைய நடத்தணுமாம். வெறுப்பா வருதுக்கா."

அம்மா போனை வாங்கினாள். விளையாட்டுக்குப் போய் இம்புட்டு மூஞ்சத் தூக்குறீகளே என்று திட்டப்போகிறாள் என நினைத்தேன். "ஏ ஆத்தா, அப்ப அந்தச் சனம் எங்குட்டுத் தங்குச்சுக? கஞ்சிக்கு என்ன பண்ணுச்சுக?" என்றாள். அத்தனை மேசைகளில் யாருக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை, எனக்கும்தான்.

அடுத்த சனிக்கிழமை அதையே பிராடிடம் கேட்டேன். அமைப்பாளர்கள் அனுப்பிய பக்கங்களைப் புரட்டினான். "ஒன்றும் எழுதவில்லை. எழுதாததை நாமாகச் சேர்க்கவும் கூடாது, எல்லா ஊருக்கும் பொதுவான கதை" என்றான் வருத்தமாக.

"அப்படியென்றால் காத்தாயி கதவுக்கு வெளியே, அந்தச் சனத்திடம் போகிறாள்."

"போனால் திரும்ப உள்ளே வர முடியாது. அவளை இந்தக் கதையில் இனி எங்கேயும் நீ ஆட முடியாது." பிறகு, "எங்கள் மேல் கோபமா?" என்றான்.

கோபமில்லை. அவர்கள்மேல் எனக்குப் பிரியம்தான். இந்த ஊரில் எனக்கு முதலில் நாற்காலி போட்டவர்கள் அவர்கள்தானே. ஆனால் இந்த நாட்டுக்கு வந்த நாள்முதல் ஆடிவரும் காத்தாயியை விடுவது எளிதாக இல்லை. இருந்தாலும் மேசையில் அவளாக நிற்கும் கட்டைவிரல் அளவுப் பொம்மையை எடுத்து, விளையாட்டுக் கதவுக்கு அந்தப் பக்கம், வெறும் பச்சை விரிப்பில் வைத்தேன்.

ஆட்டம் தொடர்ந்தது. என்னை யாரும் எழுந்து போகச் சொல்லவில்லை, நானும் போகவில்லை. என் முறை வரும்போதெல்லாம் பிராட் ஒரு கணம் நிறுத்தி, கதவுக்கு வெளியே நின்றவளைப் பார்த்துவிட்டு, பிறகு அடுத்தவரிடம் போனான்.