மேல்வீட்டில் ஓர் அன்டெனா

யோகராஜா யாரையும் சட்டென்று நம்பிவிடுகிற ஆளில்லை. பால் வாங்கப் போனால் முன்வரிசைப் போத்தலைத் தொடமாட்டார். கையைத் தோள்வரைக்கும் உள்ளே விட்டுக் கடைசிப் போத்தலை இழுத்துத் திகதி பார்ப்பார். டாக்டர் தந்த மருந்தைப் பற்றி மருந்துக்கடையில் விசாரிப்பார், மருந்துக்கடைக்காரர் சொன்னதைப் பற்றி டாக்டரிடம் விசாரிப்பார். பத்தொன்பது வருடம் ஒரு சூப்பர்மார்க்கெட்டின் பின்னறையில் இருந்து கமெராத் திரைகளையே பார்த்துக்கொண்டிருந்த மனுஷன். வேலையை விட்டு இரண்டு வருடமாகியும் பார்வை மட்டும் பென்ஷன் எடுக்கவில்லை.

கோலியர்ஸ் வுட்டில் அவரும் மனைவி கலாவதியும் இருப்பது கீழ்வீடு. மேல்வீட்டில் மலேசியத் தமிழர்கள், கணேஸ்வரனும் அவர் மனைவி குமுதாவும். தெருக்கதவு இரண்டு வீட்டுக்கும் பொது. உள்ளே வந்தால் மேலே போகப் பதின்மூன்று படி. மேல்வீட்டுக் கதவுக்குச் சங்கிலி பூட்டிக் கொடுத்தவரே யோகராஜாதான்.

"தட்டின உடன திறக்கிறதோ, தம்பி? முதல்ல சங்கிலியோட கொஞ்சமாத் திறந்து ஆளைப் பாருங்கோ. பிறகு யோசியுங்கோ."

கணேஸ்வரன் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். ஏழு வருடத்தில் அவர்கள் அந்தச் சங்கிலியை ஒருநாளும் மாட்டியதில்லை.

போன வைகாசியில் யோகராஜா டிவிக் கொம்பனியின் பெட்டியைக் கழற்றித் திருப்பி அனுப்பிவிட்டார். ரிமோட்டில் மைக் இருக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள், அது போதும். "நாங்கள் அதைப் பாக்கிறம் எண்டால் அது எங்களைப் பாக்குது" என்றார். இன்டர்நெட்டையும் வெட்டினார்.

"எதை வேணுமெண்டாலும் கழட்டுங்கோ. நாலு மணிக்கு எனக்கு ரீவி ஓடவேணும்" என்றார் கலாவதி.

நாலு மணிக்குத்தான் குமுதா கீழே இறங்கி வருவார். இரண்டு பேரும் டிவியில் பொது அறிவுப் போட்டி பார்த்துக்கொண்டே தங்களுக்குள் போட்டி போடுவார்கள். தோற்றவர் தேத்தண்ணி போடவேண்டும். கலாவதிக்கு முழங்கால் ஒப்பரேஷன் முடிந்து நாலு மாதம். ஆகவே வென்றாலும் தோற்றாலும் போட்டது குமுதாதான். தேத்தண்ணி மட்டுமா? கட்டுப் பிரிக்கும்வரை கலாவதியை நாற்காலியில் இருத்திக் குளிக்க வார்த்ததும் அவர்தான்.

பெட்டி போன கதை கேட்டு, அன்டெனா போட்டால் காற்றில் வருகிற சனல்களைப் பார்க்கலாம் என்று கணேஸ்வரன் சொன்னார். லிஃப்ட் திருத்தும் வேலை பார்த்தவர், கை சும்மா இராது. தன் வீட்டுக் கூரைக்கடியில் இருக்கும் லொஃப்டுக்குள் அன்டெனாவைக் கிறிஸ்டல் பலஸ் ஒளிபரப்புக் கோபுரத்தின் பக்கம் திருப்பி வைத்தார். அதன் வயரை ஒரு சின்னப் பெட்டியில் இரண்டாகப் பிரித்து, ஒன்றைத் தன் டிவிக்கும் மற்றதைக் கீழ்வீட்டுக்கும் விட்டார். படம் கண்ணாடி மாதிரி வந்தது.

அங்கேதான் யோகராஜாவுக்குப் பொறி தட்டியது. கூரைக்குள் ஒளிந்திருக்கிற அன்டெனாவில் எப்படிப் படம் வரும்? அவர் இளந்தாரியாக இருந்தபோது யாழ்ப்பாணத்தில் அன்டெனா என்றால் நாற்பதடிப் பைப்பில் நின்றது, கீழே சிக்னலைக் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டர் இருந்தது. பூஸ்டர் இல்லாத வீட்டுப் படத்தில் பனி கொட்டியது. இங்கே பைப்பும் இல்லை, பூஸ்டரும் இல்லை. பிரிக்கிற பெட்டியோ மேல்வீட்டில். பந்தியில் முதல் இலைக்காரனுக்கு விழுகிற வடை கடைசி இலைக்கு விழுமா?

மறுநாளே டூட்டிங்கில் ஒரு கடைக்குப் போய், இருப்பதிலேயே பெரிய பூஸ்டராகப் பார்த்து வாங்கினார். கலாவதி குளியலறையில் இருந்த நேரம் டிவிக்குப் பின்னால் அதை மாட்டித் துவாயால் மூடினார். அதன் அளவு கூட்டும் திருகியைக் கொஞ்சமாகத் திருப்பினார். படம் நன்றாக இருந்தது. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் திருப்பினார். புதன்கிழமை செய்தி வாசிப்பவரின் தாடை சதுரம் சதுரமாகப் பிய்ந்தது.

பூஸ்டர் போட்டும் இப்படியென்றால் போடாவிட்டால் என்ன கதி! நான் இழுப்பது மேலே தெரிந்துவிட்டது, அதுதான் வயரை இறுக்கிவிட்டார்கள் என்று முடிவுகட்டித் திருகியைக் கடைசிவரைக்கும் திருப்பினார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தானே.

வியாழக்கிழமை நாலு மணி. குமுதா வந்து உட்கார்ந்து பத்து நிமிடமாயிற்று. கேள்வி வரும், பதில் வரமுதல் படம் உடையும். மேலே கணேஸ்வரன் அதே நிகழ்ச்சியைப் பார்ப்பது கூரை வழியாகத் தெளிவாகக் கேட்டது.

"மேல நல்லாத்தானே ஓடுது" என்றார் யோகராஜா. "பிரிக்கிற பெட்டி உங்கட வீட்டில. நல்லதை நீங்கள் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் எங்களுக்கு விடுறியள். எனக்கு விளங்காது எண்டு நினைக்காதேங்கோ."

குமுதா கோப்பையைக் கீழே வைத்தார். "அவரு அப்படிச் செய்ற ஆளு இல்லண்ணே" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளி வரவில்லை. சனி, ஞாயிறும் வரவில்லை. கலாவதி நாலு மணிக்கு வாசலைப் பார்ப்பார், பிறகு டிவியை நிற்பாட்டிவிடுவார்.

"அவள் வராட்டி எனக்கு இந்த ஊரில ஆர் இருக்கினம்?"

"நானிருக்கிறன்தானே."

"நீங்கள் இருக்கிறியள். ஆரோட இருக்கிறியள் எண்டு கேளுங்கோ. கடவுளையும் பின்வரிசையில தேடித் திகதி பாக்கிற ஆள் நீங்கள்."

யோகராஜாவுக்குச் சுட்டது. ஆனாலும் தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று காட்டத் துடித்தார். திங்கள் மத்தியானம் டிவியை முன்னுக்கு இழுத்தார். பூஸ்டரைக் கழற்றி, மேலேயிருந்து வரும் வயரை நேரே டிவியில் சொருகி, எவ்வளவு மோசமான மிச்சம் வருகிறது என்று போனில் படம் எடுத்து வைப்பது அவர் திட்டம். கமெராக்காரருக்கு ஆதாரம் வேண்டுமே.

சொருகினார். படம் கண்ணாடி மாதிரி வந்தது.

பூஸ்டரை மறுபடி மாட்டினார், உடைந்தது. கழற்றினார், தெளிந்தது. மூன்றாம் தரமும் செய்து பார்த்தார். கோபுரம் கூப்பிடு தூரத்தில் நிற்கிற ஊரில், போதுமான சத்தத்தை மேலும் கூட்டிக் கூட்டித் தானே டிவியின் காதை அடைத்திருக்கிறார்.

"அது என்ன பெட்டி?" என்றார் சோபாவில் இருந்த கலாவதி.

அவர் சொன்னார். முழுவதையும் சொல்லவேண்டியிருந்தது. கலாவதி கத்தவில்லை.

"மேல போங்கோ."

"பின்னேரம்..."

"நாலு மணிக்கு முதல்."

பதின்மூன்று படியும் அன்றைக்கு நீண்டன. தட்டினார். கதவு நாலு விரற்கடை திறந்து நின்றது. சங்கிலி மாட்டியிருந்தது.

"யாருங்க?" என்று உள்ளேயிருந்து குமுதா கேட்டார்.

"கீழ்வீட்டுக்காரர்" என்றார் கணேஸ்வரன். ஏழு வருடமாக அண்ணே என்று கூப்பிட்ட வாய்.

பூஸ்டரை நீட்டினார். அந்த இடைவெளிக்குள் அது போகவில்லை. "தம்பி, இதை நான் ஒளிச்சு வச்சனான். படத்தைக் கெடுத்தது இதுதான். உங்கட வயரில ஒரு பிழையும் இல்லை. குமுதாவை நான் அப்பிடிச் சொல்லியிருக்கக்கூடாது. கலா பாவம், அவவுக்கு..."

கதவு சாத்திக்கொண்டது.

சரி, முடிந்தது என்று நினைத்தார். இதைவிட வேறென்ன கிடைக்கும்? கலாவதியின் முகத்தில் எப்படி முழிப்பது என்று யோசித்தபடி இரண்டு படி இறங்கியிருப்பார், பின்னால் சங்கிலி சரசரத்தது. சாத்தினால்தான் அந்தச் சங்கிலி கழலும். பூட்டிக் கொடுத்தவருக்கே அது மறந்துபோயிற்று.

கதவு அகலத் திறந்தது. குமுதா செருப்பை மாட்டிக்கொண்டு அவரைப் பார்க்காமலே கடந்து இறங்கினார். "மணி நாலாகப் போவுது. டீ இன்னிக்கு நீங்க கலக்குங்க" என்றார்.

கணேஸ்வரன் படிக்கு வந்து, யோகராஜாவின் கையிலிருந்த பூஸ்டரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த ராட்சதத் திருகியைக் கண்டு மீசைக்குள் சிரிப்பு வந்தது.

"இத எந்தக் கடையில வாங்குனீங்க, அண்ணே?"