வாசலில் நின்று படம் எடுத்தவர்

போன வருடம் ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம், விழுப்புரத்தில் எங்கள் வீட்டு வாசலிலேயே நடந்தது இது. நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்ததும் வெட்கமும் வருகிறது.

எனக்குத் திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் ஆபீஸ் வேலை. தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். ஜன்னல் சீட்டு கிடைத்தால் போனும் கையுமாக உட்கார்ந்துவிடுவேன். அந்தச் சமயம் இரண்டு தெரு தள்ளி ஓர் அம்மாவின் செயினை யாரோ பைக்கில் வந்து அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் தெரு வாட்ஸ்அப் குரூப்புக்குத் தூக்கமே இல்லை. வடக்கேயிருந்து வேலைக்கு வருகிறவர்கள்தான் வீடுகளை நோட்டம் விடுகிறார்கள் என்று ஒருவர் போட்டார். எங்கேயோ எப்போதோ எடுத்த வீடியோவை இன்னொருவர் போட்டார். நான் மட்டும் சும்மா இருப்பேனா? வந்ததையெல்லாம் பத்துப் பேருக்கு அனுப்பினேன். திண்டிவனத்தில் பஸ் ஏறும்போது பயமாக இருக்கும். விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் அது கோபமாகியிருக்கும்.

அந்தக் கோபத்தோடுதான் வீட்டில் சோறு போடுவேன். "இவங்கள எல்லாம் மூட்டை கட்டி அனுப்புறேன்னு எவன் சொல்றானோ, இந்த தபா அவனுக்குத்தான் என் ஓட்டு" என்பேன். "அப்ப ரோடு, தண்ணியெல்லாம் வேணாமா?" என்று கணவர் கேட்டால் அவருக்கும் திட்டு விழும். ஓட்டுக் கேட்டு வந்தவர்களைக் குடிநீர்ப் பைப்புக்காக அரைமணி நேரம் நிற்க வைத்துச் சண்டை போட்டவள் நான். அப்படிப்பட்ட எனக்கு அந்தச் சமயம் பைப்பே மறந்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை பஸ் இறங்கி வருகிறேன். எங்கள் கேட்டுக்கு எதிரே ஓர் ஆள். முப்பது வயதிருக்கும், பார்த்ததுமே வடக்கத்தி ஆள் என்று தெரிந்தது. போனைத் தூக்கிப் பிடித்து என் வீட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, குனிந்து கேட் வழியாகப் போர்டிகோ தரையை ஒன்று.

கிட்டே போய் என்னவென்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எதிர்ச்சாரி புங்கமரத்துக்குப் பின்னால் நின்று நான் அவனைப் படம் எடுத்தேன். "திருடன். என் வீட்டு வாசல்ல. ஜல்தி வாங்க" என்று எழுதி குரூப்பில் போட்டேன்.

வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டாலும் சங்கக் கூட்டத்துக்கு வராத தெரு, இரண்டே நிமிடத்தில் வந்து நின்றது. எதிர் வீட்டு ரிடையர்டு கண்டக்டர் கையில் நீளமாக ஒரு துரட்டி. யாரோ அவன் சட்டையைக் கொத்தாகப் பிடிக்க, மேல் பொத்தான் தெறித்தது. "எத்தினி நாளா நோட்டம் பாத்துக்கினு இருக்கே? சொல்றா!" என்று கண்டக்டர் துரட்டியை ஓங்கினார்.

அவனுக்கு வாய் குழறியது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தவன், என்னைப் பார்த்ததும் அப்படியே மலர்ந்தான். "அக்கா! நான்தான் அக்கா. டைல்ஸ்! வேட்டி குடுத்தீங்களே!"

எந்த டைல்ஸ், எந்த வேட்டி? எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது. அதற்குள் சத்தம் கேட்டுத் தூக்கக் கலக்கத்தோடு வெளியே வந்த கணவர், "அட, நம்ம டைல்ஸ்காரரு! விடுங்கய்யா சட்டையை" என்று நடுவில் புகுந்தார். நான் நம்பவில்லை. அவர் உள்ளே போய்க் கிரகப்பிரவேச ஆல்பத்தை எடுத்து வந்து விரித்தார். கொத்தனார், ஆசாரி, டைல்ஸ் போட்டவர் என்று எல்லோருக்கும் தட்டில் வேட்டி துண்டு வைத்துக் கொடுத்தோம் இல்லையா, அந்தப் படம். பட்டுப்புடவையில் வாயெல்லாம் பல்லாக நான் தட்டை நீட்டுகிறேன். வாங்கிக்கொண்டிருப்பது, பொத்தான் தெறித்து நின்ற அவரேதான்.

நாற்பது நாள் என் வீட்டில் முட்டி போட்டு வேலை செய்தவர். தலையில் துண்டும் முகமெல்லாம் தூசியுமாக இருப்பார். டீ கொடுக்கும்போதெல்லாம் நான் பார்த்தது தரை நேராக வருகிறதா என்பதை மட்டும்தான்.

இப்போது பக்கத்துத் தெருவில் வேலையாம். "இவ்ளோ பெரிய வீடு நான் போட்டேன்னு சொன்னா வீட்ல நம்பல அக்கா. அதான் போட்டோ" என்றார். கூட்டம் நைசாகக் கலைய ஆரம்பித்தது. கண்டக்டர் துரட்டியைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "முருங்கக்கா பறிக்கலாம்னு எடுத்தாந்தேன்" என்றார். எங்கள் தெருவில் முருங்கை மரமே கிடையாது.

டைல்ஸ்காரரை உள்ளே கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்டு, டீ போட்டுக் கொடுத்து, பொத்தானைத் தைத்துக் கொடுத்தேன். பிறகு வீடியோ காலில் மனைவிக்கு ஹால், சமையல்கட்டு, பூஜை அறை எல்லாம் சுற்றிக் காட்டினார். அந்தப் பெண் ஏதோ கேட்க, "தண்ணி ஊத்துனா வழுக்குதான்னு கேக்கறா அக்கா" என்றார். இல்லை என்று நான் தரையில் தண்ணீர் ஊற்றி நடந்து காட்ட, அங்கே அவளும் இங்கே நாங்களும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! குரூப்பில் படத்தை அழித்துவிட்டு நடந்ததை எழுதினேன். தெருவே சிரித்தது. முடிந்தது என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை திண்டிவனம் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா என் பக்கம் போனை நீட்டினார். "பாத்தீங்களா, விழுப்புரத்துல திருடன் ஒருத்தன் மாட்டிக்கினானாம்." புங்கமரத்துக்குப் பின்னாலிருந்து நான் எடுத்த படம்.

"அவரு திருடன் இல்லீங்க, எங்க வீட்டு டைல்ஸ்காரரு" என்றேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். "அந்தப் படத்தை எடுத்த பேஜாரு புடிச்சவளே நான்தாங்க" என்றேன். முழுக் கதையையும் சொன்னதும் பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். அந்த அம்மாவும் சிரித்துக்கொண்டே படத்தை அழித்தார்.

கோபத்தில் நான் எழுதிய ஒரு வரி அரை நிமிடத்தில் ஊரெல்லாம் போய்விட்டது. அதைத் திரும்பக் கூப்பிட, ஒரு வருடமாக ஒவ்வொருவரிடமாக இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இப்போது உங்களிடம் சொல்வது உட்பட.