சமையலறைக்கு ஒரு ருத்ராட்சக் கரை

அந்தப் பத்து நாளும் எங்கள் வீட்டுச் சோற்றில் பெயிண்ட் வாசனை அடித்தது. சோற்றில் மட்டுமில்லை, மோரில், ஊறுகாய் ஜாடியில், குடிதண்ணீர்க் குடத்தில், நான் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போன டிபன் பாக்ஸின் மூடியில்கூட டர்பன்டைன் நெடி ஏறி உட்கார்ந்துகொண்டது. மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்து போனார்கள். இன்றைக்கும் எங்காவது ஒரு கம்பிக் கதவுக்குப் புதிதாக வண்ணம் அடித்துக்கொண்டிருந்தால் எனக்குப் பசிக்கிறது. கூடவே ஓர் அலுப்பும் வருகிறது.

பெரிய காஞ்சிபுரத்தில், நெசவாளர் தெரு ஒன்றில், ரயில் பெட்டி மாதிரி நீளமாகப் போகும் வீடு எங்களுடையது. முன்னறை முழுக்கத் தறி. அடுத்த அறையில் பீரோ, பாய், சாமி படம், என் புத்தகங்கள். அதற்குப் பின்னால் சமையலறை, கடைசியில் கிணறும் முருங்கை மரமும் இருந்த பின்கட்டு. கேஸ் வந்த வருஷம் அப்பா செங்கல் அடுக்கிச் சிமெண்ட் பூசி ஒரு சமையல் மேடை கட்டினார். புகையிலிருந்து விடுதலை என்று அம்மாவும் சந்தோஷப்பட்டாள். புகை போனது வாஸ்தவம்தான். ஆனால் விடியற்காலை ஐந்து மணிக்கு மேடை முன்னால் நிற்க ஆரம்பித்தால், அப்பாவுக்கும் எனக்கும், எங்களோடேயே இருந்த அப்பாவின் அக்காவுக்கும், தறியில் கூட வேலை செய்தவர்களுக்கும் டீயும் சாப்பாடும் மறுபடி டீயுமாக, கடைசிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்க்கும்வரை அவள் நின்றபடியே இருக்க வேண்டியிருந்தது.

அந்தச் சமையலறைத் தரையும் லேசுப்பட்டதில்லை. கிணற்றடி ஈரம் உள்ளே கசிந்து, வெயில் காலத்திலும் ஜில்லென்று இருக்கும். சாக்கு போட்டுப் பார்த்தாள். இரண்டே நாளில் ஊறி நாறியது. சாயங்காலமானால் அம்மாவின் கணுக்கால் வீங்கிவிடும், குதிகால் வெடிப்பு புடவைக் கரையைப் பிடித்து இழுக்கும். "காலு மரத்துப் போவுதுடி, நிக்கறனா இல்லியான்னே தெரியல" என்பாள். பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியபோது ஈரத்தில் வெறுங்காலோடு நிற்காதீர்கள் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். அப்படியானால் செருப்புப் போட்டுக்கொண்டு சமைக்கலாமே என்று நான்தான் சொல்லித் தொலைத்தேன். அத்தை என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும்.

"அடுப்பாண்ட செருப்பா? நல்லா இருக்குதுடி நீ படிக்கிற படிப்பு."

அப்பா சென்னையில் புடவை கொடுக்கப் போன ஒரு வீட்டில், தடித்த துணிக்கு வண்ணம் பூசி, மேலே வார்னிஷ் அடித்து, சமையலறையில் விரித்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்தார். தண்ணீர் சிந்தினால் துடைத்துவிடலாமாம், காலில் குளிர் ஏறாதாம். சொல்லும்போதே அவர் முகத்தில் தீர்மானம் தெரிந்தது. "துணிதானேம்மா? துணி நமக்குத் தெரியாததா?" என்றார். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கட்டம் போட்டு வுட்டுடுங்க, போதும். காலு வெக்கிறதுக்குத்தானே. சீக்கிரம் ஆவட்டும்."

அமாவாசையன்று எங்கள் தெருவில் தறி ஓடாது என்பதால் அன்றைக்கே வேலை ஆரம்பமானது. தடிமனான காடாத் துணி வந்தது. வேறு யாராக இருந்தாலும் நேராக பெயிண்ட் டப்பாவைத் திறந்திருப்பார்கள். நாங்கள் நெசவுக்காரர்களாயிற்றே, தறியில் ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுப் பழகிய கை, துணிக்கும் கஞ்சி போட்டால்தான் வண்ணம் நிற்கும் என்று அப்பா அடம்பிடித்தார். கஞ்சி காய்ச்சியது அம்மா. அதைத் துணியில் தடவியது நானும் அப்பாவும், சிந்தியதைத் துடைத்தது மறுபடியும் அம்மா. அடுத்து, துணியை எங்கே விரிப்பது என்ற கேள்வி வந்தது. முன்னறையில் ஒரு கல்யாணப் புடவை பாதி நெய்தபடி தறியில் இருந்ததால் அங்கே பெயிண்ட் பேச்சையே எடுக்கக் கூடாது. பின்கட்டில் புழுதி, போதாததற்குக் காக்கை. நடு அறையில் படுக்க வேண்டும். கடைசியில் யாருக்காக அந்தத் துணியோ அவளுடைய சமையலறையிலேயே, சுவரோரம் ஒற்றைக் கால் நடக்க மட்டும் இடம் விட்டு, தரை முழுக்க அதை விரித்து ஆணி அடித்தோம்.

"அப்போ சமையலு?" என்றாள் அம்மா.

அப்பா பின்கட்டுப் பக்கம் பார்த்தார். அம்மா முருங்கை மரத்தடியில் மூன்று கல்லை வைத்து, மூலையில் கிடந்த பழைய விறகைப் பொறுக்கி, அரிசி பருப்பு டப்பாக்களை இடுப்பில் வைத்து ஒவ்வொன்றாக வெளியே கொண்டுபோனாள். இரண்டு மூன்று நாள் என்று சொன்னது பத்து நாளானது. ஒரு பூச்சு காய்ந்தால்தான் அடுத்த பூச்சு.

தாமதத்துக்கு நாங்களும் காரணம். அப்பாவுக்கு எதைச் செய்தாலும் அது புடவையாகத்தான் வரும். தரை விரிப்புக்கும் கரை, உடல், முந்தி என்று சுண்ணாம்புக் கட்டியால் பிரித்துக் கோடு போட்டார்; பாத்திரம் கழுவும் மூலைக்கு முந்தி வந்தது. உடலுக்கு அம்மா கேட்ட கட்டம். இரண்டு பக்கமும் அகலமாக விட்டிருந்த கரையில் என்ன போடுவது என்று அவர் யோசித்தபோது, தறியில் இருந்த புடவையில் மணி மணியாக ஓடிய ருத்ராட்சக் கரையைக் காட்டி, அதையே போடலாம் என்று சொன்னது நான். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, ஓவியத்தில் வகுப்பிலேயே முதல் என்ற கர்வம் வேறு. பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவந்து, வயிற்றைத் தரையோடு அழுத்திப் படுத்துக்கொண்டு, ஒவ்வொரு மணிக்கும் முகம் பிரித்து, காவியும் அரக்குமாக நிழல் கொடுத்து வரைந்தேன். பூசைக்கு எடுத்து வைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. கூடப் படிக்கிறவர்களைக் கூட்டிவந்து காட்டினேன். எங்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் அம்மா சுவரோரமாக ஒருக்களித்து நடந்து உப்பும் புளியும் எடுத்துப்போவாள்.

"இன்னும் ஆவலியா?"

"அவசரப்படாதம்மா. எல்லாம் உனக்குத்தான் பண்ணிக்கினு இருக்கறோம்" என்றேன் நான், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

பதினோராம் நாள் வார்னிஷ் காய்ந்து பளபளத்தது. அம்மா குளித்துவிட்டு வந்து சமையலறை வாசற்படியில் நின்றாள். முதல் காலை அவள்தான் வைக்க வேண்டும் என்று அப்பா சொன்னார். அவள் காலைத் தூக்கிய நேரத்தில், பத்து நாளும் பெயிண்ட் நெடிக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோன அத்தை அப்போதுதான் கரையைக் கவனித்து, பின்னாலிருந்து அவள் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"ஐயையோ, இது ருத்ராட்சம்பா! கழுத்துல போடறத கால்ல போட்டு மிதிக்கச் சொல்றியே, உனுக்கு புத்தி கித்தி இருக்குதா தம்பி?"

அப்பாவின் கை தானாகவே தன் கழுத்துக்குப் போனது. அங்கே ஒற்றை ருத்ராட்சம் சிவப்புக் கயிற்றில் கிடந்தது. பரம்பரையாக ருத்ராட்சக் கரை நெய்கிற மனுஷர், பத்து நாளாகக் கோடு போட்டவர், அவருக்கு ஒருமுறைகூட அது நினைவுக்கு வரவில்லை. எங்கள் கண்ணுக்கு அது வெறும் கரை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"புடவைக் கரையும் காலாண்டதானே அத்த புரளுது?"

"புரளட்டும்டி. புரள்றதும் மிதிக்கறதும் ஒண்ணா?"

கரையின் மேல் பச்சை பெயிண்டை அடித்து மூடிவிடலாமா என்று அப்பா மெதுவாகக் கேட்டார். நான் ஓவென்று அழுதேன். சாமி சமாச்சாரத்தை வரைந்துவிட்டு அழிப்பது இன்னும் தோஷம் என்றாள் அத்தை. மூன்று பேரும் மூன்று பக்கம் பேசிக்கொண்டிருக்க, அம்மா ஈரத் தலையோடு வாசற்படியிலேயே நின்றாள்.

"வுடுங்க. செவுத்துல மாட்டிடுங்க. உலை வெக்கணும், நேரம் ஆவுது" என்றாள்.

அப்படியே மாட்டினோம். வந்தவர்கள் எல்லோரும் பார்த்துப் பாராட்டினார்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை. அத்தை அதற்கு ஒரு சந்தனப் பொட்டும் வைத்துவிட்டதால், வெள்ளிக்கிழமைதோறும் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துச் சுத்தம் செய்யும் வேலை அம்மாவுக்குக் கூடுதலாக வந்து சேர்ந்தது. அந்தச் சுவரின் கீழே, அதே தரையில், அதே காலோடு அவள் நின்றாள். ஒருமுறைகூட எங்களைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இத்தனை வருஷம் எனக்கு உறுத்தியிருக்காது.

அப்பாவும் அத்தையும் இப்போது இல்லை. டைல்ஸ் போட்டபோது அந்தத் துணியைக் கழற்றினார்கள், அப்புறம் அது எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. கொத்தனார்கள் சிமெண்ட் மூட்டையை மூடப் பயன்படுத்தியிருக்கலாம். முருங்கை மரத்தை வெட்டி, கிணற்றை மூடி, பின்கட்டில் ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டாயிற்று. நான் சென்னையில் வேலைக்குப் போய்வந்து, என் வீட்டு மேடை முன்னால் நின்று, சாயங்காலம் என் கணுக்காலை நானே அமுக்கிக்கொள்கிற வயதுக்கு வந்துவிட்டேன்.

போன மாதம் ஊருக்குப் போனபோது, மேடை முன்னால் நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் சொல்லவேண்டும் என்று நினைத்திருந்ததை ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்.

"நீ சொன்ன மாதிரி வெறும் கட்டமே போட்டிருக்கணும்மா. என் பவுசுக்காக உன் காலக் கெடுத்துட்டேன்."

"அத வுடுடி. அந்தப் பத்து நாளு நல்லாத்தான் இருந்துச்சி."

"இன்னாம்மா நல்லா இருந்துச்சி? புகையில, கல்லு அடுப்புல..."

"உக்காந்துல்ல சமைச்சேன்."

நறுக்குவதை நிறுத்தாமல்தான் சொன்னாள். பத்து நாளும் தூரிகை கழுவ நான் அந்த மரத்தடியைத் தாண்டித்தான் போனேன். வேருக்குப் பக்கத்தில் பலகையில் அவள் கால் நீட்டி உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அவள் நிற்பதற்கு என்ன விரிக்கலாம் என்று வீடே மண்டையை உடைத்துக்கொண்டது. அவளை உட்காரச் சொல்லலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

கத்தியை அவள் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, நீ உட்கார், இன்றைக்கு டீ நான் போடுகிறேன் என்றேன். சமையலறையில் உட்கார ஒன்றும் இல்லை. கூடத்திலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்தேன். சிலிண்டருக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் அது நுழையவில்லை, வாசற்படிக்கு வெளியே போட்டேன். அம்மா விருந்துக்கு வந்தவள் மாதிரி நுனியில் உட்கார்ந்து, நான் சர்க்கரை டப்பாவைத் தேடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாலு பொங்குது பாரு" என்று சொல்லிக்கொண்டே எழுந்துவிட்டாள்.