ஏசி குடித்த ஈரம்

"மீனு எங்கம்மா?"

போன வாரம் ஆடிக்கு என்னை அழைத்துப்போக, கடலூரிலிருந்து அம்மாவும் பெரியப்பாவும் சிதம்பரம் வந்திருந்தார்கள். வந்ததும் வராததுமாகப் பெரியப்பா எங்கள் படுக்கையறையை எட்டிப் பார்த்தார். ஜன்னலோரம் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி. உள்ளே குட்டி ஃபேன் சுற்றுகிறது. மீன் மட்டும் இல்லை.

"மீன் இல்ல பெரியப்பா, செடி."

"செடிக்கு ஃபேனா? குடுத்து வச்ச செடி!"

அவர் சிரித்துவிட்டு மோர் குடிக்கப் போய்விட்டார். அம்மா சிரிக்கவில்லை. அம்மா வந்தது இரண்டு பேரை அழைத்துப்போக – என்னையும், அந்தச் செடியையும்.

அது குடுவைச் செடி. இலையின் நுனியிலிருந்து ஒரு கொடி இறங்கும். கொடியின் நுனி உப்பி, குடுவையாகும். கழுத்தில் விளிம்பு, மேலே ஒரு மூடி, உள்ளே கொஞ்சம் தண்ணீர். தேனுக்கு ஆசைப்பட்டு வரும் எறும்பு வழுக்கி உள்ளே விழுந்தால்... சாப்பாடு ரெடி! வேட்டைக்குப் போகாமல், பாத்திரத்தை நீட்டிக்கொண்டு நிற்கும் இந்தச் செடியை நான் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கடலூர் வீட்டில் பின்பக்க ஜன்னல் கம்பியில் அதைத் தொங்கவிட்டிருந்தேன். கடல் பக்கம். காற்றைப் பிழிந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் வரும். இலைக்கு ஒரு குடுவை வைத்தது. தை மாதம் கல்யாணம் முடிந்து சிதம்பரம் வந்தபோது காரில் என் மடியில் உட்கார்ந்து வந்தது அதுதான்.

வந்த இடத்தில் முரண்டு பிடித்தது. இருந்த குடுவைகள் காய்ந்தன. புது இலை விட்டது. ஆனால் நுனி கறுத்துச் சுருண்டது. அம்மா போனில் தினமும் ஒரே கேள்வி. "குடுவ உட்டுச்சா?"

"இன்னும் இல்லம்மா."

"நம்ம வூட்ல அப்புடி காச்சித் தொங்குச்சே... புது எடத்துல அதுக்கு ஏதோ ஒத்துக்கல. ஆடிக்கு உன்ன அழைக்க வரும்போது அதயும் தூக்கினு வந்துடறேன்."

அம்மா கேட்டது செடியை மட்டுமா? செடி வாடினால் மகளும் வாடுகிறாள் என்று ஒரு கணக்கு. "நான் நல்லாத்தாம்மா இருக்கேன்" என்று எத்தனை முறை சொன்னாலும் நம்பிக்கையில்லை. சாட்சி சொல்ல வேண்டியது செடி. அதுவோ வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது!

இத்தனைக்கும் சிதம்பரம் ஒன்றும் பாலைவனம் இல்லை. வாசலில் நின்றால் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும் ஊர். அதனால் ஈரப்பதத்தின் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. உரமா, வெயிலா, மண்ணா என்று எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தேன். (எனக்குப் பொறுமை கிடையாது என்பது வாராவாரம் படிக்கும் உங்களுக்குத் தெரியாதா என்ன?)

ஒரு மத்தியானம் துணி காயப்போட பால்கனிக்குப் போனேன். ஏசி குழாயிலிருந்து பக்கெட்டில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கெட் நிறையும் நிலை. சட்டென்று உறைத்தது – இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? எங்கள் அறைக் காற்றிலிருந்து!

என் கணவர் கதிருக்கு வீட்டிலிருந்தே வேலை. அதுவும் செடி இருக்கும் அதே படுக்கையறையில். மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் அறை. ஏசி இல்லாமல் அவரால் உட்காரவும் முடியாது, தூங்கவும் முடியாது. ஊருக்கெல்லாம் ஈரம், எங்கள் செடிக்கு மட்டும் பஞ்சம்.

ஈரப்பதமும் சூடும் காட்டும் சின்ன மீட்டர் வாங்கி வைத்தேன். ஈரப்பதம் பால்கனியில் எண்பதைத் தாண்டிக் குதித்தது. அறைக்குள் வந்ததும் நாற்பதுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது.

"அப்ப குத்தவாளி நான்தானா?" என்றார் கதிர்.

"நீங்க இல்லைங்க, உங்க ஏசி."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்று முனகிக்கொண்டே பரணில் ஏறி, பழைய மீன் தொட்டியை இறக்கிக் கொடுத்தார். அடியில் கூழாங்கல் பரப்பி, ஏசி தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றி, கல்லுக்கு மேல், சட்டியின் அடியில் தண்ணீர் படாமல் செடியை வைத்தேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு. தெளித்தால் இலையில் வெள்ளைப் படிவம். ஏசி தண்ணீரில் அந்தத் தொல்லை இல்லை. திருடியவனிடமிருந்தே பிடுங்கி, பறிகொடுத்தவனிடம் சேர்த்த திருப்தி!

அதே வேகத்தில் மேலே கண்ணாடி போட்டு இறுக்க மூடினேன். மீட்டர் தொண்ணூறைத் தாண்டியது. நான் குதித்தேன். கொஞ்ச நாளில், சட்டியில் நான் பரப்பியிருந்த பாசியின் மேல் சாம்பல் நிறத்தில் பூஞ்சை!

செடிக்கு வேண்டியது ஈரம், புழுக்கம் இல்லை. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஓடுகிற காற்று. மூடியை ஒரு விரல் அளவு நகர்த்தினேன். கதிர் தன் பழைய கம்ப்யூட்டரைக் கழற்றி அந்தக் குட்டி ஃபேனை மாட்டினார். மீட்டர் எழுபதில் நின்றது. பாசமாக இருக்கிறோம் என்று எதையும் இறுக்கி மூடக் கூடாது – புதிதாகக் கல்யாணமானவர்கள் கவனிக்க.

ஆடி நெருங்கும்போது ஒரு கொடியின் நுனி உப்பியது. அம்மா வந்த அன்று கட்டைவிரல் அளவில் ஒரு பச்சைக் குடுவை. ஆனால் மூடி திறக்கவில்லை.

அம்மா குனிந்து பார்த்தார். "இது தெறக்குமா, காயுமா?"

"திறக்கும்மா. இப்ப எடம் மாத்தினா காஞ்சிடும்."

"நீ எங்கூட வந்துட்டா யாரு பாக்கறது?"

"நான் பாத்துக்கறேன் அத்த" என்றார் கதிர்.

அம்மா மாப்பிள்ளையையும் ஏசியையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பவில்லை என்று அர்த்தம்.

இதைக் கடலூரிலிருந்துதான் எழுதுகிறேன். நேற்றுக் காலை கதிரிடமிருந்து போட்டோ வந்தது. மூடி திறந்துவிட்டது! சிவந்த விளிம்பு, உள்ளே ஒரு சொட்டு வெளிச்சம். அடுப்படிக்கு ஓடி அம்மாவிடம் காட்டினேன். அம்மா போனை வாங்கி, பெரிதாக்கி, ஓரத்தில் இருந்த மீட்டரைப் பார்த்தார்.

"இதென்ன, முப்பத்திரண்டுன்னு போட்டிருக்கு?"

"அது அறையோட சூடும்மா..." சொல்லும்போதே எனக்குப் புரிந்தது – ஏசி ஓடவில்லை. அம்மா கையிலிருந்த போனிலேயே ஸ்பீக்கர் போட்டுக் கதிரைக் கூப்பிட்டேன். "ஏசி ரிப்பேராங்க?"

"அதெல்லாம் இல்ல. தெறக்கற நேரத்துல எதுக்கு ரிஸ்க்குன்னு நிறுத்திட்டேன். ஹால்ல படுத்துக்கறேன்."

"எப்பலேருந்து?"

"நீ போன அன்னிலேருந்து."

அம்மா போட்டோவை இன்னொரு தடவை பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு போனை என்னிடம் நீட்டினார்.

"செடி அங்கயே இருக்கட்டும். ஆடி முடிஞ்ச மறுநாளே நீயும் கெளம்பு. பாவம், மனுஷன் வேத்து ஊத்திக் கெடக்காரு."

கதிர், இதைப் படித்தால் ஏசியைப் போட்டுக்கொள்ளுங்கள். செடி தாங்கும்... எனக்குத்தான் இங்கே தூக்கம் வரவில்லை.