பனிக்குள் புதைந்த புகைக்குழாய்

டெக்சஸ் ரவுண்ட் ராக்கிலிருந்து நியூ ஜெர்சிக்குக் குடிபோனபோது மகளுக்கு மூன்று வயது. கணவருக்கு அங்கே புது ப்ராஜெக்ட். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஜனவரி மாதம். விசாரித்து விசாரித்து எல்லாம் வாங்கியிருந்தோம்: கனத்த கோட்டு, பூட்ஸ், கையுறை, வாசலில் ஐஸ் உருகத் தூவ உப்பு. குளிரில் உடம்பு நடுங்கும், ஐஸில் கால் வழுக்கும். எனக்குத் தெரிந்த பயம் அவ்வளவுதான்.

இரண்டாம் வாரமே பனிப்புயல். ஒரு நாள் முழுக்க விடாமல் கொட்டியது. மறுநாள் திரையை விலக்கிப் பார்த்தால் பார்க்கிங்கில் கார்களையே காணோம். வெள்ளை மேடுகள்தான் வரிசையாக இருந்தன. எங்கும் ஒரு சத்தமில்லை.

மகளுடைய இருமல் மருந்து தீர்ந்திருந்தது. மதியம் மெயின் ரோடு திறந்ததும் மூவரும் கீழே இறங்கினோம். கணவர் கார் கதவுப் பக்கம் மட்டும் பனியை வாரிவிட்டு எஞ்சினைக் கிளப்பினார்.

"நீ பாப்பாவை வச்சுக்கிட்டு உள்ள உக்காரு. ஹீட்டர் போட்டிருக்கேன். நான் முன்னாடி ஷவல் பண்ணிட்டு வந்துடறேன்."

கண்ணாடிகள் எல்லாம் பனியால் மூடியிருந்தன. உள்ளே இதமான சூடு. கொஞ்ச நேரத்தில் எனக்குத் தலை வலித்தது. குளிரில் நின்றதால் என்று நினைத்தேன்.

"அம்மா, ஸ்லீப்பி" என்று மகள் என்மேல் சாய்ந்தாள். பகலில் தூங்குகிற பிள்ளையில்லை. இருமிய அசதி என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன்.

யாரோ ஜன்னலைப் படபடவென்று தட்டினார்கள். கையால் பனியைத் துடைத்துக்கொண்டு ஒரு முகம். மாடிவீட்டு யாழ்ப்பாணத்து ஆன்ட்டி.

"பிள்ளை, எஞ்சினை நிப்பாட்டு! குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியிலை வா! பின்னாலை சைலன்சர் ஸ்னோவுக்குள்ளை கிடக்குது. புகையெல்லாம் உள்ளுக்குத்தான் வருது!"

சாவியைத் திருப்பக் கை வரவில்லை. எப்படியோ அணைத்தேன். மகளைத் தூக்கினால் தலை துவண்டு விழுந்தது. கூப்பிட்டேன், உலுக்கினேன். கண்ணே திறக்கவில்லை. முழங்கால் பனியில் இரண்டடி வைத்து, அவளோடு விழுந்தேன். கணவர் ஷவலைப் போட்டுவிட்டு ஓடிவந்து, "என்னாச்சு? என்னாச்சு?" என்று அதையே கேட்டுக்கொண்டு நின்றார்.

"தம்பி, கெதியா ஓடிப்போய் நைன் ஒன் ஒன்னுக்கு போன் அடியும்!" என்று அவரை விரட்டிவிட்டு, ஆன்ட்டி மகளின் கோட்டைத் திறந்து கன்னத்தில் தட்டினார். "மூச்சு இருக்குது. பயப்படாதை."

ஆம்புலன்ஸ் வருவதற்குள் மகள் இருமி, என்மேல் வாந்தியெடுத்து, வீறிட்டு அழுதாள். அந்த அழுகை நின்றுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் எங்கள் இருவருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். கார் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனையே கிடையாதாம். "இன்னும் கொஞ்ச நேரம் உள்ளே இருந்திருந்தால்..." என்று தொடங்கிய டாக்டர், மகளைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"நான்தானே உள்ள உக்காரச் சொன்னேன்" என்றார் கணவர்.

இரண்டு நாள் கழித்து, எப்படித் தெரிந்தது என்று ஆன்ட்டியிடம் கேட்டேன். "ஜன்னலாலை பாத்தன். கார் ஓடுற சத்தம் கேக்குது, பின்னாலை புகையைக் காணேல்லை."

அந்தக் குளிர்காலம் முடியும்வரை, கார் ஓடும்போது என் பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கியே வைத்திருந்தேன். ஊசிபோல் காற்று உள்ளே வரும். கணவர் ஒருமுறைகூட அதை மூடச் சொல்லவில்லை.