அம்மாவுக்குப் போன கசெட்

ஊரைவிட்டு வந்து ஏவன்டேலில் நாங்கள் வாடகைக்கு இருந்த மரவீட்டில், இங்கே குளிர்காலமான ஆடி மாதம் வந்தால் வெளியே இருப்பதைவிட உள்ளேதான் அதிகம் குளிரும். விடியும்போது யன்னல் கண்ணாடியின் உட்பக்கம் தண்ணீர் வழியும். அதைத் துடைப்பேன். சுவர் மூலையில் பூஞ்சணம் பிடிக்கும். அதையும் துடைப்பேன். யாழ்ப்பாணத்தில் இருந்த அம்மாவுக்கு இதில் ஒரு சொல்லும் போய்விடக் கூடாது என்பது என் கணவரின் கட்டளை. அங்கே அவர்களுக்கு இருக்கிற பயங்கள் போதாதா என்பார். நியாயம்தான்.

கடிதத்தைவிடக் குரலைக் கேட்டால் அம்மாவுக்கு ஆறுதல் என்று கசெட்டில் பேசி அனுப்பிக்கொண்டிருந்தோம். ஒரு ஞாயிறு மத்தியானம் இவர் ஓவர்கோட்டோடு கட்டிலில் ஏறி, கால்களைப் போர்வைக்குள் விட்டுக்கொண்டு, ரெக்கோடரை மடியில் வைத்துப் பேசத் தொடங்கினார். என்னோடு கதைக்கிற மனிதர் எங்கோ போய்விட்டார். வானொலியில் செய்தி வாசிப்பவர் வந்து உட்கார்ந்திருந்தார். "அன்புள்ள மாமி அவர்களுக்கு, இங்கு காலநிலை மிகவும் இதமாக உள்ளது." வீடு வசதியானதாம், வெயில் தாராளமாம். சிரிப்பை அடக்க நான் போர்வையைக் கடிக்க வேண்டியிருந்தது. பிறகு நானும் இரண்டு வார்த்தை சுகம் விசாரித்தேன். மறுநாள் இவரே தபாலில் சேர்த்தார்.

பதில் கசெட் வர வசந்தமே தொடங்கிவிட்டது. பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டு வைத்துக் கேட்டதாக அம்மா சொன்னார். பிறகு நிதானமாக, "மருமகன், நீங்கள் வாசிச்சது நல்லாயிருந்தது. அதுக்குப் பிறகு வந்ததைத்தான் எல்லாரும் ரெண்டு தரம் கேட்டவை" என்றார்.

அன்று பேசி முடித்த பிறகு இவர் ரெக்கோடரை நிறுத்தவே இல்லை. வீட்டில் இருந்த ஒரே சுடுதண்ணீர்ப் போத்தல் யாருடைய காலுக்கு என்று நாங்கள் போட்ட சண்டை, முழுசாக யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்திருந்தது. கால் விறைத்துவிட்டதென்று இவர் கெஞ்சியதையும், நான் மசியாததையும் அம்மாவின் ஒழுங்கைச் சனம் முழுக்கவே கேட்டிருக்கிறது.

"பிள்ளை, அந்தப் போத்தலை அவருக்குக் குடு. எங்களுக்குப் பொய் சொல்லிச் சொல்லிக் களைச்சுப்போயிருப்பார்" என்று அம்மா தீர்ப்பும் சொல்லியிருந்தார்.

இவர் ஒரு கிழமை ரெக்கோடருக்குக் கிட்டப் போகவில்லை. அங்கே யார் யார் கேட்டிருப்பார்கள் என்று ஒவ்வொரு முகமாக நினைத்து வெட்கப்பட்டார். அடுத்த சனிக்கிழமை, நான் கேட்காமலே வந்து உட்கார்ந்தார். இந்த முறை 'அன்புள்ள மாமி அவர்களுக்கு' இல்லை.

"மாமி, சரியான குளிர்தான்" என்று தொடங்கினார். புக்கெகோஹித் தோட்டத்தில் வேலைக்குப் போய் வெங்காயம் தரம் பிரித்து விரல்கள் வெடித்திருப்பதைச் சொன்னார். சில காலைகளில் எழும்பவே மனமில்லாமல் கிடப்பதையும் சொன்னார். விரல்களுக்கு எண்ணெய் பூசிவிடுகிறவள் நான். மற்றதை அவர் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அதற்கு வந்த பதிலில் அம்மா எனக்கென்று பேசியது நாலு வசனம். மிச்சமெல்லாம் அவருக்கு. நான் யாருடைய மகள் என்று கேட்டேன்.

"மாமி என்னோடை கதைக்கிறா. பேசாமல் இரும்" என்று சொல்லிச் சத்தத்தைக் கூட்டினார்.